புல்லைப் பார்க்காமல் குடிக்கவும்

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் மட்டும் எங்களைவிட நலமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. 2023 ஏப்ரலில் கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு அரங்கத்திலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று நம் தமிழ்நாட்டு அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை மட்டும் கைவிட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. ‘கால்பந்து மைதானத்தில் குடிக்க விட்டுத்தானே வெள்ளைக்காரன் கெட்டான், நாமும் கெடவேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பாதிக் கேள்விக்கு அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் பதில் சொல்லட்டும். முன்பாதியில்தான் ஒரு திருத்தம். வெள்ளைக்காரன் குடிக்க விட்டுக் கெடவில்லை. 1985-லேயே தடை போட்டுவிட்டான். அந்தத் தடை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் உங்களைப் போன்ற பரம்பரை மதுவிலக்குக்காரருக்கே சிரிப்பு வரும். அது குடியைக் குறைக்கவில்லை, அவசரப்படுத்துகிறது என்பதுதான் நான் சொல்லப்போவது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டி நடக்கும் ஸ்டேடியத்துக்குள் பீர் விற்கலாம், வாங்கலாம், குடிக்கலாம். ஆனால் ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் குடிக்கக் கூடாது. கேலரிக்கு அடியில் இருக்கும் சிமெண்டுக் கூடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, கையில் இரண்டு டம்ளர் வைத்துக்கொண்டு நிற்கலாம். அதே டம்ளரோடு நாலு படி ஏறிப் புல்லைப் பார்த்தால் குற்றம். பணக்காரர்கள் அமரும் கண்ணாடி அறைகளுக்கும் இது உண்டு: ஆட்டம் தொடங்க 15 நிமிடம் இருக்கும்போதே, ஒன்று பாட்டிலை மூட வேண்டும், இல்லை திரையை மூட வேண்டும். பல இடங்களில் திரையைத்தான் மூடுகிறார்கள். சாப்பிடும்போது அடுத்தவர் கண் பட்டால் திருஷ்டி என்று நம் பாட்டிமார்கள் தட்டை மறைத்தார்களே, அதே சாஸ்திரத்தை வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. யாருடைய கண் பட்டு யாருக்குக் கெடுதல் என்பது மட்டும் சட்டத்தில் இல்லை.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ கேலிக்காக எழுதுவதாக நினைப்பீர்கள். 1985 இங்கிலாந்துக் கால்பந்துக்கு எமகண்டம். மார்ச்சில் லூட்டனில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்து ரகளை செய்தார்கள். மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தில் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். அதே மாதம் 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்ஸல் அரங்கத்தில், லிவர்பூல் ரசிகர்கள் சிலர் யுவென்டஸ் ரசிகர்கள் மேல் பாய, நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். தாட்சர் அரசு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஜூலைக்குள் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதற்கும் முன்பே விழித்துக்கொண்டவர்கள்: 1980 மே மாதம் ஹாம்ப்டன் பார்க்கில் கோப்பை இறுதி முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் களத்துக்குள்ளேயே இறங்கி அடித்துக்கொள்ள, குதிரைப் போலீஸ் வந்து விரட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டே அங்கே தடை வந்தது. ஆக, சட்டம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து ரகளைகளில் குடிக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பிராட்ஃபோர்டில் கொன்றது மரமும் அதன் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பையும். ஹெய்ஸலில் பாய்ந்தவர்கள் குற்றவாளிகள்தான். அந்த அரங்கம் இறுதி ஆட்டம் நடத்தத் தகுதியில்லாத பாழடைந்த கட்டடம் என்பதும் உண்மைதான். கட்டடத்தைச் சரிசெய்யக் காசு வேண்டும், காலம் வேண்டும். பீரைத் தடை செய்யக் கையெழுத்து போதும்.

இந்த மனப்போக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இங்கே என்னால் நகைச்சுவையாக எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற கம்பிவேலிப் பகுதிகள் ஏற்கெனவே நிரம்பி வழிந்தபோது, வெளியே இருந்த கூட்டத்துக்காகப் போலீஸ் ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டது; உள்ளே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழிகாட்ட ஆளில்லை. நெரிசலில் 97 உயிர்கள் போயின. அடுத்த நாட்களில் போலீஸ் தரப்பும் ஒரு பெரிய பத்திரிகையும் சொன்ன காரணம்: குடித்துவிட்டு வந்த கூட்டம். இறந்தவர்கள் எல்லோருடைய இரத்தத்திலும் மது இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார் மரண விசாரணை அதிகாரி; அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இதை விசாரித்த நீதிபதி டெய்லர் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே தம் இடைக்கால அறிக்கையில், முக்கியக் காரணம் போலீஸின் கட்டுப்பாடு தவறியதே என்று எழுதிவிட்டார். ஆனாலும் அந்தப் பழி நீங்க 2012-இல் ஒரு சுயேச்சைக் குழுவும் 2016-இல் ஒரு நடுவர் தீர்ப்பும் தேவைப்பட்டன: இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் குற்றமில்லை. ‘கால்பந்து ரசிகன் என்றால் குடிகாரன்’ என்று சட்டமே எழுதிவைத்த நாட்டில், செத்தவன் மேல் சொல்லும் பொய்க்குக் கூட அரைப் பங்கு நம்பகம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது.

சரி, ரசிகன் மேல்தான் இத்தனை சந்தேகம் என்றால் கால்பந்தும் சாராயமும் அந்நியர்களோ என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம். லிவர்பூல் கிளப்பை 1892-இல் தொடங்கிய ஜான் ஹூல்டிங் பீர் காய்ச்சும் முதலாளி. திவாலாகிக் கிடந்த நியூட்டன் ஹீத் என்ற கிளப்பை 1902-இல் காப்பாற்றி, அது மான்செஸ்டர் யுனைடெட் ஆவதற்குக் காரணமாக இருந்த ஜான் ஹென்றி டேவிஸும் அதே தொழில். தடைச்சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, 1993 முதல் 2001 வரை பிரீமியர் லீக்கின் பெயருக்கு முன்னால் கார்லிங் பீரின் பெயர் இருந்தது. லிவர்பூல் ஆட்டக்காரர்கள் 1992 முதல் 2010 வரை நெஞ்சில் கார்ல்ஸ்பர்க் என்று எழுதிக்கொண்டு ஓடினார்கள். கேலரியில் இருப்பவன் கையில் டம்ளர் இருந்தால் களம் கெட்டுவிடும். களத்தில் 11 பேர் பீர் விளம்பரமாகவே ஓடினால் கெடாது! (பின்னால் பல சட்டைகளில் பீர் போய்ச் சூதாட்டம் வந்தது. அதை முன்னேற்றம் என்றார்கள்.)

தடையின் பலனைப் பாருங்கள். இடைவேளை 15 நிமிடம். இருக்கையில் வைத்து மெல்ல உறிஞ்ச முடியாது என்பதால், ஆட்டம் தொடங்கும் முன் கூடத்தில் அவசரமாக ஒன்று, இடைவேளையில் வரிசையில் நின்று அவசரமாக இன்னொன்று. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அதை மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டு ஓட வேண்டும். இந்த அவசரத்துக்காகவே தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது: 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கத்தில் 65 மீட்டர் நீளத்துக்கு ஒரு மதுக்கூடம், உள்ளேயே பீர் காய்ச்சும் ஆலை, டம்ளரின் அடிப்பக்கத்தில் இருந்து மேலே நிரம்பும் எந்திரம், நிமிடத்துக்கு 10,000 பைண்ட் ஊற்ற முடியும் என்று பெருமை வேறு. மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் மின்னல் வேகத்தில் மது ஊற்றும் கருவியை நியாயப்படுத்தியிருக்கிறது. 2021-இல் அரசின் வேண்டுகோளில் கால்பந்து நிர்வாகத்தை ஆராய்ந்த டிரேசி கிரவுச் என்ற பாராளுமன்ற உறுப்பினரும் இந்த அவசரக் குடியைச் சுட்டிக்காட்டி, கீழ்நிலை லீகுகளில் சோதனையாக இருக்கையிலேயே குடிக்க விட்டுப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தார். அரசு அதைக் கிடப்பில் போட்டது.

‘அப்படியானால் முழுசாகவே தடை செய்யட்டுமே’ என்பீர்கள். உங்கள் பக்கத்தில் வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது: கத்தார், 2022. உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியங்களைச் சுற்றிப் பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுத்த பட்வைசர் பீர் நிறுவனம் விழித்தது. அந்தப் போட்டிகளில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானம், விடுதி, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு சொத்தை அழித்துவிட்டுக் கத்தார் போனவர்கள் அவர்கள். ஊர் முழுக்கவே மது அரிது. இங்கிலாந்தில் ஒவ்வொரு மைதானத்தையும் சுற்றித் தெருவுக்கு இரண்டு பப். அரங்கத்தை மட்டும் உலர்த்தினால் குடி தெருவுக்குப் போகும். அதையும் பார்த்துவிட்டோம்: 2021 ஜூலை 11, வெம்ப்லியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஆட்டம் இரவு 8 மணிக்கு. காலையிலிருந்தே வாசலில் கூட்டமும் பாட்டிலும். கடைசியில் சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்று இதை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை சொல்கிறது. இருக்கையில் குடிக்கக் கூடாது என்ற விதி அன்றைக்கும் இருந்தது. புகுந்தவனுக்கு இருக்கையே இல்லையே, விதி அவனை எப்படிக் கட்டும்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சட்டம் வந்தபின் ரகளை குறைந்ததா இல்லையா? குறைந்தது. ஆனால் அதே காலத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். டெய்லரின் இறுதி அறிக்கைக்குப் பிறகு மேல்நிலை மைதானங்களில் நிற்கும் கேலரிகள் போய் ஆளுக்கொரு இருக்கை வந்தது. எண் போட்ட இருக்கையில் உட்காருபவன் முகமில்லாதவன் அல்ல. கேமராக்கள் வந்தன. ரகளைக்காரனை நீதிமன்றமே வருடக்கணக்கில் மைதானத்துக்கு வராதே என்று தடுக்கும் சட்டம் வந்தது. டிக்கெட் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய ரகளைக்காரனால் உள்ளே வரவே முடியாமல் போனது. இத்தனை காரணங்களில் பீர்த் தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. அதோடு, குடிபோதையில் மைதானத்துக்குள் வருவதே தனிக் குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. போதையில் இருப்பவனைப் பிடிக்க அதுவே போதும். போதையில்லாமல் டம்ளர் பிடித்திருப்பவனை ஏன் பிடிக்க வேண்டும்?

ரக்பியில் பிடிப்பதில்லை. டிவிக்கன்ஹாம் அரங்கத்தில் எண்பதாயிரம் பேர் இருக்கையிலேயே குடித்துக்கொண்டு பாடுகிறார்கள். எடின்பரோவில் முர்ரேஃபீல்டில் ரக்பி என்றால் பீர் உண்டு. அதே ஸ்காட்லாந்தில் கால்பந்து என்றால் சாதாரண ரசிகனுக்கு இல்லை. லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு வைன் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நாடு, ஒரே பீர், ஒரே கல்லீரல். வித்தியாசம், யார் பார்க்கிற ஆட்டம் என்பதில்தான். நம் ஊரில் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த கதையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கொடுமை எங்கே, இந்த அசௌகரியம் எங்கே என்பது வேறு. பெண்கள் கால்பந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 2025 தொடக்கத்தில் சில கிளப்களில் இருக்கையில் பீரை அனுமதித்துச் சோதித்துப் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

என் கட்சி ஜெர்மனியின் கட்சி. அங்கே பண்டஸ்லீகா கால்பந்து ஆட்டங்களில் முதுகில் பீப்பாய் மாட்டியவர்கள் கேலரிக்கே வந்து ஊற்றுகிறார்கள். கெல்ஸன்கிர்ஷன் அரங்கத்துக்குள் பீருக்கென்றே 5 கிலோமீட்டர்க் குழாய் ஓடுகிறது. ஆனால் ஆபத்தான ஆட்டம் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் கெட்டி பீரை நிறுத்திவிடுவார்கள். 2024 ஜூனில் அதே அரங்கத்தில் இங்கிலாந்தும் செர்பியாவும் மோதியபோது தண்ணி கலந்த மாதிரியான மெல்லிய பீர்தான் கொடுத்தார்கள். ஜெர்மனியிலும் வாணத் தீ உண்டு, அடிதடி உண்டு. அது சொர்க்கம் அல்ல. அங்கே கேள்வி ‘இந்த ஆட்டத்தில் என்ன ஆபத்து?’ என்பது. இங்கே கேள்வி ‘புல் தெரிகிறதா?’ என்பது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு மேலே பீர் தெறிக்கும் என்ற கவலை நியாயமானது. கோல் விழுந்தால் டம்ளரை வானத்தில் எறிவது இங்கிலாந்து ரசிகனின் தேசிய வழக்கம் ஆகிவிட்டது. அதற்குக் குடும்பக் கேலரியை உலர்ந்த பகுதியாக வைத்தால் போதும்.

ஆகவே மாமா, 1985-இன் பார்வைத் தடையை எடுத்துவிட்டு, போதைக்கான தண்டனையை அப்படியே வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவெடுக்க வேண்டும். இதற்கு உங்கள் மறுப்பு வரும் என்று தெரியும், விரிவாக எழுதுங்கள். டாஸ்மாக்கை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீர்கள், அது வேறு வழக்கு. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடிதத்தை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்