கசிவு காத்த கோமான்

1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தி ஜெனரல் மோட்டார்ஸ் விற்கத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை உலகத்து எஞ்சினியர்கள் எல்லாரும் எண்ணெய் கசியாத பெட்டி செய்வது எப்படி என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கசிவைப் பேணிக் காக்க ஒருவர் வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே எங்கள் பேட்டையில், ஒரு தகரக் கொட்டகையைக் கொலுமண்டபமாக்கி வீற்றிருக்கிறார் நம் மெக்கானிக் பெருந்தகை. அன்னாரின் திருக்கரம் பட்ட கார்களுள் அடியேனுடையதும் ஒன்று என்ற பாத்தியதையில் இந்தப் புகழுரையைச் சமர்ப்பிக்கிறேன்.

கசியும் வண்டியைச் சாதாரண மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். ராம்பில் ஏற்றி அடிப்பாகத்தைக் கழுவித் துடைப்பான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து, எண்ணெய் முதலில் எங்கே ஊறுகிறது என்று தேடுவான். அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான சேம்பரின் கேஸ்கட்டா, கூலருக்குப் போகிற குழாயா, ஆக்ஸில் சீலா, டார்க் கன்வெர்ட்டர் பக்கத்து முன் சீலா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவான். சந்தேகம் அற்பர்களின் குணம். நம் கோமான் குனிவதே இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே, "கேஸ்கட்தான் சார்" என்று திருவாய் மலர்ந்தருளுவார். கீழே சொட்டுவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்றுதானே ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள்? நம்மவரோ அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்து, "பவர் ஸ்டீயரிங் ஆயிலாவும் இருக்கலாம்" என்று இரண்டாவது பில்லுக்கும் அங்கேயே கால்கோள் நடத்திவிடுவார். என்னே தீர்க்கதரிசனம்!

அவருடைய வள்ளன்மையைச் சேம்பர் மாட்டும்போது கண்குளிரக் காணலாம். பசையே தடவாமல் மாட்ட வேண்டிய கேஸ்கட்டுக்கும், கல்யாணப் பந்தியில் பருப்புக்கு நெய் வார்ப்பதுபோல் சிலிக்கான் பேஸ்ட்டை வழிய வழியப் பிதுக்குவார். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்துபோய் ஃபில்டரில் அடைக்கலம் புகுகிறது. போல்ட் முறுக்குவதிலோ சாட்சாத் பீமசேனன். பல மாடல்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கினாலே போதும் என்கிற அந்தச் சின்னஞ்சிறு போல்ட்டுகளை, ஸ்பேனரில் பைப் சொருகி, சிஷ்யப்பிள்ளையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு முறுக்குகிறார். நேர்கோடாக இருந்த தகர விளிம்பு அலையலையாய் நெளிந்து நளினம் பெறுகிறது. அந்த நெளிவு ஒவ்வொன்றிலும் எண்ணெய்க்கு ராஜபாட்டை.

எண்ணெய் வகையிலும் அவர் சமரச சன்மார்க்கி. சிவிடிக்கு வேறு எண்ணெய், மற்ற ஆட்டோமேட்டிக்குக்கு வேறு எண்ணெய் என்று கம்பெனிக்காரர்கள் வகுத்த பேதமெல்லாம் அவருடைய டின்னில் கரைந்துபோகும்.

இவையெல்லாம் சில்லறை லீலைகள். அவருடைய பிரம்மாஸ்திரம் ஒரு பாட்டில். காய்ந்து சுருங்கிய ரப்பர் சீலை ஊறவைத்துப் பருக்கச் செய்யும் சஞ்சீவி ரசம் அது. முன் சீலின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை முழுதாக இறக்கியாக வேண்டும். வாடிக்கையாளரை அத்தனை துன்பத்துக்கு ஆளாக்க அந்தக் கருணாமூர்த்திக்கு மனம் வருமா? மூடியைத் திருகி ஊற்றிவிடுகிறார். சீல் ஊறுகிறது, சொட்டு நிற்கிறது, பில் பட்டுவாடா ஆகிறது. பிறகு அந்த ரப்பர் தொளதொளத்துப் போக, சொட்டு முன்னைவிடப் புஷ்டியாகத் திரும்பி வருகிறது. கசிந்த சீலுக்கு மட்டுமா அந்தப் பாக்கியம்? உள்ளே சிவனே என்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மற்ற ரப்பர்களையும் ரசம் அதே கதிக்கு உயர்த்திவிடுகிறது. பாரபட்சம் அறியாத நீதிமான்!

எண்ணெய் அளவு பார்ப்பதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய் வந்து, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் 30 முதல் 50 டிகிரிக்குள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் கோமான் சூட்டுக்கும் குளிருக்கும் அப்பாற்பட்டவர். இன்ஜினை அணைத்துவிட்டு, தம் மனம் நிறையும் வரை ஊற்றுகிறார். "கசியறதுக்கும் சேர்த்தே ஊத்தியிருக்கேன் சார்" என்றார் என்னிடம். பெற்ற தாய்கூட இப்படி முன்யோசனையோடு பரிமாறமாட்டாள். அளவு மீறிய எண்ணெயைப் பல்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கின. நுரை ஏறியதும் அழுத்தம் குன்றியது, கியர் வழுக்கியது, மிச்சம் பெட்டியின் மூச்சுத்துளை வழியே பொங்கி வழிந்தது. "அங்கேயும் லீக்கு" என்று அந்தத் துளையையும் பேஸ்ட் வைத்து அடைத்தருளினார். உள்ளே மூச்சு முட்டிய காற்று, அதுவரை கசியாதிருந்த ஆக்ஸில் சீலையும் பிதுக்கித் தள்ளியது. ஒரு கசிவோடு போன வண்டிக்கு மூன்று கசிவு அருளும் கொடைத்திறம் கர்ணனுக்கு உண்டா?

எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த நெடி அடிக்கத் தொடங்கியபோது அவர் சற்றும் கலங்கவில்லை. பெட்டியே போய்விட்டது என்று முறைப்படி துக்கம் விசாரித்து, புதுப்பேட்டையிலிருந்து பழைய பெட்டி ஒன்று வரவழைத்தார். இறக்கிப்போட்ட என் பெட்டியின் முன் சீலை விரலால் நெருடிக் காட்டி, "இதை அப்பவே மாத்தியிருக்கணும் சார், நீங்க விட்டுட்டீங்க" என்று பரிவோடு கடிந்துகொண்டார். புதிதாக ஏற்றப்போகிற பெட்டிதான் தரையிலேயே கிடக்கிறதே, அதற்காவது சீலை மாற்றிவிடலாமா என்று பணிந்து கேட்டேன்.

"எதுக்கு சார் வீண் செலவு?" என்றபடி அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார்.