பேராண்டி, அந்த ஊக்கைக் கீழ போடு!

வாடா பேராண்டி. காலையிலேர்ந்து வைஃபை வரலேன்னு லேப்டாப்பை அணைக்கிறே, போடுறே, அதை மொறைக்கிறே. இப்ப ரவுட்டர் முதுகுல இருக்கிற ஓட்டையில ஊக்கை விட்டுக் குத்தப் போறேன்னு ஒங்க ஆயா வந்து சொல்றா. மொதல்ல ஊக்கைக் கீழ போடு. அந்த ரீசெட்டை அமுக்குனா, லைன் குடுத்த பையன் உள்ள போட்டு வச்ச யூசர் நேம், பாஸ்வேர்டு அத்தனையும் அழிஞ்சிரும். இப்ப இருக்கிறது ஒரு கோளாறு, அப்புறம் ரெண்டு. பிளக்கைப் புடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மறுபடி சொருவு, அது தப்பில்ல.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தொரைக்கு நான் என்னத்தச் சொல்ல? அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில வயர் இழுத்தவன் நான். கரண்டு வரலேன்னா, எதுவரைக்கும் வந்திருக்குன்னு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் ஸ்க்ரூவுல கை வைப்போம். ஒனக்கு டெஸ்டர், ராத்திரியும் பகலும் கையை விட்டு எறங்காத அந்த போனு. அதுல இதே வைஃபையைப் போட்டுப் பாரு. மொபைல் டேட்டாவை அணைச்சுட்டுப் பாருடா! இல்லேன்னா சிம் கார்டு ஒழைக்கும், வைஃபைக்குப் பேரு வரும். போன்ல வந்து லேப்டாப்புல வரலேன்னா லேப்டாப்பைப் புடி. ரெண்டுலயும் இல்லேன்னா ரவுட்டர், அதுவும் இல்லேன்னா தெருவுல போற லைன்.

லேப்டாப்புல ஏரோப்ளேன் படம் ஏதும் தெரியுதா? பெரம்பலூர்க்காரன் ஏரோப்ளேன் ஏறணும்னா திருச்சிக்குப் போவணும். ஒன் லேப்டாப் திண்ணையிலயே ஏறிக் குந்தியிருக்கும். மேல் வரிசைப் பொத்தான்ல எங்கயோ கை பட்டிருக்கும், அதை அமுக்குனா எறங்கிரும். கடையில இதுக்கும் காசு வாங்குவானுவ. ஒன்னைப் போல ஆளு போனா ஏன் வாங்க மாட்டான்?

அடுத்தது தேதி. 2011ல ஆரம்பிச்ச சர்க்கார் இலவச லேப்டாப் திட்டத்துல ஒங்க அக்கா வாங்குனதுதானே இது? உள்ள இருக்கிற சின்ன வட்ட பேட்டரி செத்திருந்தா, சார்ஜ் எறங்குனதும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிரும். வைஃபை நல்லாத்தான் சேந்திருக்கும். ஆனா பேங்க்கு, பரீட்சை ரிசல்ட்டு எதுவும் தொறக்காது. ஒவ்வொரு இணையதளமும் தன் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும்னு கெடு வச்சிருக்கு. ஒன் லேப்டாப் அந்தச் சான்றிதழ் பொறக்குறதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, இது செல்லாதுங்குது. தேதியைத் திருத்து, தொறக்கும்.

தேதியும் சரியா? நெட்வொர்க் விவரத்துல ஐபி விலாசம் 169.254ன்னு ஆரம்பிக்குதான்னு பாரு. ரவுட்டர் விலாசமே குடுக்கல, லேப்டாப் தானா ஒண்ணை எழுதி நெத்தியில ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அந்த வைஃபையை ஃபர்கெட் குடுத்து மறக்கடிச்சுட்டு, பாஸ்வேர்டைப் போட்டுப் புதுசாச் சேரு.

விட்டு விட்டு வருதுங்கிறியா? நம்ம அரியலூர் மாவட்டம் பெரம்பலூரை விட்டு 2001ல பிரிஞ்சு, 2002ல சேந்து, 2007ல திரும்பப் பிரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் இப்படிச் சேந்து பிரியிறது ஒன் லேப்டாப்தான். ரவுட்டரை எங்க வச்சிருக்கே? இரும்பு பீரோவுக்குப் பின்னாடி, மேல ஒங்க ஆயா போட்ட பூ வேலை துணி வேற. இரும்பைத் தாண்டி அலை எப்படிடா வரும்? செவரு ஒங்க அப்பன் கம்பி கட்டி, அரியலூர் சிமெண்டைக் கொட்டி எழுப்புனது. நாங்க அரைச்ச சிமெண்டு, லேசுல எதையும் விடாது. ரவுட்டரை நடு வீட்டுல, ஒசரத்துல வை.

ரவுட்டர்ல ரெண்டு அலைவரிசை இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா செவரைக் கண்டா சோந்து போயிரும். 2.4 தூரம் போவும். பழைய லேப்டாப்பு பலதுக்கு 5 கண்ணுலயே படாது, அதைக் காணோம்னு தேடாதே. 2.4ஐ லைசென்ஸ் இல்லாம யார் வேணா பயன்படுத்திக்கலாம்னு சர்க்கார் 2005ல விட்டுருச்சு. யார் வேணான்னா பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத்து, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாந்தான். அதுல 1, 6, 11 இந்த மூணு சேனல்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. தெருவுல கூட்டம் கம்மியா இருக்கிறதைப் புடிச்சுக்க. பேட்டரியை மிச்சம் புடிக்கிறேன்னு லேப்டாப் வைஃபை கார்டைத் தூங்க வைக்கிறதும் உண்டு. டிவைஸ் மேனேஜர்ல, பவர் மேனேஜ்மென்ட்ல இருக்கிற டிக்கை எடு.

எதுலயுமே வரலேன்னா பைபர் பொட்டியைப் பாரு. லாஸ்னு போட்ட எடத்துல செவப்பு லைட் எரிஞ்சா கோளாறு ஒன் வீட்டுல இல்ல. சுண்ணாம்புக்கல் லாரி உரசிக்கூட கம்பத்துல ஒயர் அறுந்திருக்கும். பைபர்க்காரனுக்கு போன் போட்டுட்டுப் போயி சோறு தின்னு.

செவப்பு லைட்டும் இல்ல, போன்லயும் வரல, எல்லாம் சரியா இருக்குங்கிறியா? இந்த மாசம் வைஃபைக்குப் பணம் கட்டியாச்சான்னு ஒங்க அப்பனைக் கேளு. கட்டுறதுக்குக் காசை ஒங்கிட்டதான் குடுத்தேம்பான்.