ரிஹர்சலில் காது உண்டா? ஜொகூர் மேடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜொகூரில் பொங்கல் விழாவோ பள்ளி ஆண்டு விழாவோ, எதுவானாலும் முன்னதாக ஒரு 'ரிஹர்சல்' நடந்தே தீரும். 'ரி' என்றால் மறுபடி, 'ஹியர்' என்றால் கேள். ஆகவே மறுபடி கேட்பதே ரிஹர்சல் என்பது விழாக்குழுத் தலைவர்களிடையே வேரூன்றிய கொள்கை. அது பிழை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் களம். குளுவாங் முதல் ஸ்கூடாய் வரை எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். ஒலிபெருக்கிக்காரர் "ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ திரீ" என்கிறார். மூன்றுக்கு மேல் எவரும் எண்ணியதற்குச் சான்று இல்லை. நடன ஆசிரியை தாளம் சொல்கிறார். பிள்ளைகள் காதில் ஏறவில்லை. வரவிருக்கும் பிரமுகர் டத்தோவா, டத்தோஸ்ரீயா என்று அறிவிப்பாளர் கத்துகிறார். பதில் தெரிந்தவர் தே தாரேக் குடிக்கப் போயிருக்கிறார். எல்லாரும் பேசுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை. கேட்டலே நிகழாத ஒன்றுக்குக் கேட்டலை வேராகச் சொன்னால் எப்படிப் பொருந்தும்?

சொல் வரலாறும் நம் பக்கம்தான். பழைய பிரெஞ்சில் 'எர்ஸ்' என்பது பல் வைத்த உழவுக் கருவி. கொங்கு நாட்டார் பலுகு என்பார்கள். உழுத நிலத்தில் அதை மறுபடி இழுத்துக் கட்டி உடைப்பதைச் சொன்ன வினை, சொன்னதையே திரும்பச் சொல்வதற்கும் ஆகிவந்தது. 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல், நாடகப் பயிற்சியைக் குறித்தது 16ஆம் நூற்றாண்டில்தான். இதில் காது எங்குமே இல்லை, பல்தான் இருக்கிறது. இன்னும் தோண்டினால் லத்தீன் 'ஹிர்பெக்ஸ்'. அதற்கும் அடியில், பழைய இத்தாலியின் ஆஸ்கன் மொழியில் ஓநாயைக் குறித்த 'ஹிர்புஸ்' இருப்பதாகச் சொல்லாய்வாளர் கருதுகின்றனர். இரவு பத்து மணிக்கும் கடைசிப் பாட்டு சரிவராதபோது நடன ஆசிரியையின் முகத்தைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் ஆதாரம் கேட்கமாட்டார்கள்.

ரப்பரும் செம்பனையும் விளையும் ஜொகூரில் தோட்டத்து மக்கள் பால் வெட்டும் உளியை அறிவார்கள், பலுகை அறியமாட்டார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமே. ஆனால் தோட்டத்தில் விடியுமுன் 'பெரட்டு' என்னும் ஆள் கணக்கெடுப்பு நடந்தது. கிராணி பெயர் கூப்பிடும்போது அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. கூலி உள்ள இடத்தில் காது வேலை செய்யும் என்பது இதிலிருந்து பெறப்படும் துணை முடிவு.

பலுகின் சாயலில் அமைந்த மெழுகுவத்திச் சட்டம் ஒன்றை ஐரோப்பியத் தேவாலயங்களில் சவப்பெட்டிக்கு மேலே நிறுத்தினார்கள். அதற்கும் அதே பெயர். 17ஆம் நூற்றாண்டில் அது சவ வண்டிக்குப் பெயராகி 'ஹர்ஸ்' என்று நின்றது. ஆகவே ரிஹர்சலும் சவ வண்டியும் பங்காளிகள். விழாக்குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லிவைக்காதீர்கள்.

காதுக்கு உண்மையான உறவு 'ரிஹியரிங்' என்னும் மறுவிசாரணைதான். மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டு விதிகள் மேல்முறையீடு மறுவிசாரணையாக நடக்கும் என்கின்றன. அங்கேயோ சாட்சிகளை மறுபடி கூண்டேற்றிக் கேட்பது வழக்கமில்லை. வழக்குப் பதிவேட்டைப் படித்து, வழக்கறிஞர் வாதத்தை மட்டும் கேட்கிறார்கள். பெயரில் காது இருந்தும் கண்ணுக்கே வேலை அதிகம்.

தமிழ் 'ஒத்திகை'க்கு அகராதியில் இரண்டு அண்டைவீட்டார். ஒன்று ஒத்து: நாதசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழல். தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். மற்றொன்று ஒத்திவைப்பு. 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலிருந்து வரும் மிருதங்கக்காரருக்கோ சனியும் ஞாயிறும். ஒத்திகைகள் ஒத்திவைப்புகளாகவே காலம் கழித்தன. 2025 ஜனவரி 1 முதல் இங்கும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. மிருதங்கக்காரர் இப்போதும் வரவில்லை. 1924இல் திறந்த ஜொகூர்-சிங்கப்பூர்ப் பாலத்தில் இன்னும் ஜாமாம்.

எனவே விழாக்குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஒத்திகையைப் பெரட்டு முறையில் நடத்துங்கள். பெயர் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் கொடுங்கள்.