இறால் யாருக்கு, கட்லா யாருக்கு?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் வேலையில்லாத பிள்ளைகள் எல்லாரும் மீன் பண்ணை, இறால் பண்ணை என்று இறங்கிவிட்டால் நாட்டுக்குச் சாப்பாடும் ஆச்சு, வீட்டுக்குச் சம்பளமும் ஆச்சு அல்லவா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: சம்பளம் சரி. தூக்கம்தான் போகும்! குட்டையில் பிராணவாயு குறைவது விடியற்காலையில். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்று, ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தால் நாலு மாத உழைப்பு பொழுது விடிவதற்குள் செத்துக் கிடக்கும்.

சாப்பாட்டு விஷயம் வேறு. வனாமி இறாலில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறிவிடும். நம் தட்டுக்கு வருவது நன்னீர்க் குட்டையில் வளரும் கட்லாவும் ரோகுவும்தான்.

முன்பும் ஒருமுறை இறால் மோகம் பிடித்தது. வயலும் குடிநீரும் உப்பாகின்றன என்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2005-ல் தனிச் சட்டமே வந்தது. இன்று கடலோரப் பண்ணை என்றால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

மத்திய அரசு 2020-ல் 20,050 கோடி ரூபாயில் மீன்வளத் திட்டம் அறிவித்தது. யோசனை சொல்ல ஆள் வேண்டுமா? பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பண்ணைக்குக் கடன் கிடைத்ததும் பிள்ளைகளை முதலில் நல்ல ஜெனரேட்டர் வாங்கச் சொல்லுங்கள். புல்லட் பைக் இரண்டாவது அறுவடைக்கு!