எட்டு எம்.எம். ஜப்லா

பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் எடையில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நீளம் ஒன்றரை மடங்கு. எல்லாத் தாய்மாருக்கும் இது சந்தோஷச் செய்தி. பிள்ளைக்கு நானே துணி தைப்பேன் என்று கிளம்பியவளுக்கு மட்டும் இதைவிட மோசமான செய்தி கிடையாது. திங்கட்கிழமை அளவெடுத்து, புதன்கிழமை வெட்டி, அடுத்த வாரம் கை மூட்டுவதற்குள் அந்தக் கை வேறு சைஸ் ஆகியிருக்கும். இதில் காடாத் துணி வேறு முதல் தண்ணியிலேயே சுருங்கும். ஒன்று வளர்கிறது, மற்றது குறுகுகிறது. நடுவில் நான் டேப்போடு நிற்கிறேன்.

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும் பீரோவைத் திறந்து, வருஷம் முழுக்கத் தைத்ததையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். தரம் பிரிக்க ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் ஊர் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கத் தெரிந்தவர் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார். ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் சாம்பிள் காயைக் கையில் கொட்டி உருட்டிப் பார்த்தே காலம் கழித்தவர். ஒவ்வொரு சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார், விரலிடுக்கில் தேய்த்தார், மோந்தும் பார்த்தார்.

“கலர் இருக்குத்தா. சைஸ் இல்ல. லிட்டர் வெயிட் நிக்காது.”

ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் காய் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் லிட்டர் வெயிட். அதை ஃபிராக்குக்கு எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. எட்டு எம்.எம். சல்லடையில் தங்கும் பெரிய காய்க்குத்தான் மேல்விலை. என் வருஷ விளைச்சலில் ‘எட்டு எம்.எம்.’ என்று அவர் தனியாக எடுத்து வைத்தது ஒரே ஒரு ரகம்: கட்டு ஜப்லா.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். மார்பு அதைவிடச் சிறிது. தலையை எட்டிப் பிடிக்கவே அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். பெரியவர்கள் சட்டைக் கணக்கில் கழுத்து வெட்டினால் துணி நெற்றியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்தால் தெருவே கூடிவிடும். டேப் இல்லாமலே இதைத் தெரிந்து வைத்திருந்த யாரோ ஒருத்தி, ஜப்லாவின் முன்பக்கத்தை முழுக்கத் திறந்து ரெண்டு நாடா வைத்துவிட்டாள். பட்டன் கிடையாது, ஹூக் கிடையாது, மேனியில் உறுத்தாமல் தையல் மடிப்பு வெளிப்பக்கம். நோபல் பரிசெல்லாம் யார் யாருக்கோ கொடுக்கிறார்கள்.

மாமனாரின் தீர்ப்பில் சொந்தப் பாசம் கலந்திருக்கிறது என்றும் எனக்குச் சந்தேகம். ஜப்லா நான் தைத்தது, வேட்டி அவருடையது. எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி சேலைதான். நானோ ஆண்டிப்பட்டிப் பக்கம் டி.சுப்புலாபுரத்தில் நெய்த காட்டனைப் பெருமையாக வாங்கி வைத்திருந்தேன். அத்தை தடவிப் பார்த்தார். “நல்ல துணிதான். பேத்தி கல்யாணத்துக்குள்ள கஞ்சி போயிரும்” என்றார்.

போதாக்குறைக்குப் போட்டி வேறு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானால் 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரும் திட்டம் 2015-ல் வந்தது. எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, கொசுவலையோடு குழந்தைக்குச் சட்டையும் அதில் உண்டு. அரசாங்கமே தைத்துக் கொடுத்த பிறகு நான் எதற்குத் தைத்தேன்? கலை ஆர்வம் என்று வெளியில் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜக் காரணம் சத்தம்.

பாப்பா தாலாட்டுக்கு மசியவில்லை. அத்தை பாடினார், அம்மா பாடினாள், என் வீட்டுக்காரர் பாடியபோது பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. சீராக வந்த உஷா கால் மெஷினை மிதித்தால் மட்டும் தூங்கினாள். கருவில் கேட்ட ரத்த ஓட்டத்து இரைச்சல் மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு இந்தச் சத்தம் பிடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். அப்படியானால் என் மகள் பத்து மாதமும் ஒரு தையல் கடையில்தான் குடியிருந்திருக்கிறாள். மிதி நின்றால் கண் திறக்கும். சும்மா மிதிப்பதற்குத் துணியையாவது கொடுப்போமே என்று ஆரம்பித்ததுதான் கட்டிலில் கிடக்கும் இத்தனையும். அளப்பதற்கும் வெட்டுவதற்கும் சத்தம் வராது, ஆகவே அவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். ஃபிரில்லுக்கு ரெண்டு மூணு மடங்கு துணி, அதே அளவு தையல், ஒரு முழு மத்தியானத் தூக்கம்; எங்கள் வீட்டில் கதவுத் திரைக்குக்கூட ஃபிரில் உண்டு. ஒருநாள் நடுராத்திரியில் துணி தீர்ந்துபோய், வீட்டுக்காரரின் கைக்குட்டைகளையெல்லாம் எடுத்து ஓரம் அடித்தேன். ஏற்கெனவே ஓரம் அடித்த கைக்குட்டைகள்.

ஃபிரில் ஃபிராக்குகளின் கதை செங்கீரைப் பருவத்தோடு முடிந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, ரெண்டு கையையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவதைத்தான் பிள்ளைத்தமிழில் செங்கீரை என்கிறார்கள். அப்படி நிமிர்ந்தவள் முன்னே நகர்ந்தாள். ஃபிரில் முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. மூக்குதான் முதலில் தரைக்கு வந்தது. புலவர்கள் பிள்ளைக்கு அரைஞாண், சதங்கை, சுட்டி என்று நகையாகவே பூட்டினார்களே தவிர, முழங்காலுக்குக் கீழே ஃபிரில் வைத்துச் செங்கீரை ஆடச் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள்.

இன்னொரு சங்கடம், எங்களுக்கு ஊர் ரெண்டு. கீழே போடி, மேலே பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம். முந்தலில் ஏற ஆரம்பித்தால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் வேர்வை வழியும். மெட்டு 4,000 அடிக்கு மேலே, பல் கிட்டும். ஆகவே முந்தலுக்கு மல் துணி ஜப்லா, பாதி மலைக்கு முழுக்கை, மெட்டுக்கு ஃபிளானல், குல்லா என்று ஒரு பை நிறையத் தைத்தேன். பாப்பா ரெண்டு வளைவுக்கு ஒருதரம் குடித்த பாலைத் திருப்பிக் கொடுத்தாள். செக்போஸ்ட்டில் இறங்கும்போது பை முழுக்க ஈரம். என் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கேரளாவுக்குள் நுழைந்தாள்.

மேலே ஆடி ஆவணியில் கொடியில் போட்ட துணி காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. தோட்டத்தில் காய்கிற ஒரே இடம் ஸ்டோர். ஐம்பது டிகிரி வாக்கில் சூடேற்றி, ஐந்து கிலோ பச்சைக் காயை நிறம் மாறாத ஒரு கிலோவாக ஆக்கும் அறை. அதில் ஓரமாக ஒரு கயிறு கட்டி, பாப்பாவின் கோமணத் துணிகளைப் போட்டேன். மாமனார் கொதித்துவிட்டார். அந்த வாசம் காயில் ஏறி, ஏலத்தில் வியாபாரி சாம்பிளை மோந்து பார்த்தால்? “எந்தத் தோட்டத்துக் காய்னு கேட்டா, பச்சப்புள்ளக்காரி தோட்டம்னு சொல்லவா?” காயில் ஒன்றும் ஏறவில்லை. துணியில்தான் ஏறியது. அந்த சீசன் முழுக்க, பாப்பாவைத் தூக்கியவர்களெல்லாம் வீட்டில் பாயசமா என்று கேட்டார்கள்.

தோட்டத்துக் குளிருக்கென்று ஒரு ஸ்வெட்டரும் பின்னினேன். போடியிலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் அக்காமார், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “யாருக்குத்தா, சொரக்காய்க்கா?” என்றார்கள். பின்னி முடிக்கவும் நாளாகிவிட்டது. மதுரை மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடி, அகலப் பாதையாக்கி, போடிக்கு மறுபடி ரயில் விட 2023 ஆனது. என் ஸ்வெட்டர் அவ்வளவு தாமதமில்லை. ஆனால் ரயில் வந்தபோது ஊர் பழைய அளவிலேயே இருந்தது. ஸ்வெட்டர் இப்போது மாமனாரின் கட்டன் சாயா பிளாஸ்க்கில் இருக்கிறது, கச்சிதமாக.

வருஷம் முழுக்கப் பொருந்தியது அரணாக்கயிறு ஒன்றுதான். இறுகினால் பிள்ளை சதை போட்டிருக்கிறது, தளர்ந்தால் இளைத்திருக்கிறது. முடிச்சை அவிழ்த்துத் தள்ளிப் போட்டால் அடுத்த சைஸ். பிறந்தநாளுக்கு அந்த சுப்புலாபுரம் காட்டனில் கவுன் தைத்திருந்தேன். கஞ்சி ஒருவழியாகப் போயிருந்தது. பாப்பா நாடாவை இழுத்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அரணாக்கயிறோடு விருந்தாளிகளை வரவேற்றாள்.

சாந்தம்பாறையில் இருக்கும் நாத்தனாருக்கு இப்போது ஏழாம் மாதம். நன்றாக வளர்ந்த பிள்ளை போட்ட துணியை அடுத்த பிள்ளைக்குக் கேட்டு வாங்குவது எங்கள் வழக்கம். கேட்கும் முன்பே நான் மூட்டை கட்டிவிட்டு, போனில் சொன்னேன்.

“துணியெல்லாம் இருக்கட்டும் மதினி” என்றாள். “அந்த மெஷின மட்டும் ஜீப்புல ஏத்தி விடுங்க.”