கம்பியில்லா மீட்டருக்கு ஒரு கம்பு

அனுப்புநர்: பி பிளாக், நாலாம் மாடி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

பெறுநர்: செயற்குழு, வீட்டு உரிமையாளர்கள் சங்கம், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய நம் குடியிருப்பு.

பொருள்: நான் ஊரில் இல்லாதபோது என் பாத்ரூமில் குளித்தவர் யார் என்று அறிய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பிய ஜூன் மாதத் தண்ணீர் பில்.

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு வணக்கம்.

ஜூன் மாதம் 21 நாள் நானும் என் மனைவியும் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த 21 நாளில் என் வீடு 11,340 லிட்டர் தண்ணீர் செலவழித்திருப்பதாகப் பில் வந்திருக்கிறது. சங்க அலுவலகத்தில் விசாரித்தேன். "மீட்டர் பொய் சொல்லாது சார், எங்கயாவது ஒழுகியிருக்கும்" என்றார்கள். போனில் மீட்டர் ஆப்பைத் திறந்து கிராஃபைக் காட்டினேன். தினமும் காலை 5.40க்கு ஒரு மேடு, 6.15க்கு இன்னொரு மேடு, பிறகு ராத்திரிவரை சமதளம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணிக்கு ஒரு மலை. எனக்குத் தெரிந்து ஒழுகுகிற குழாய் எதுவும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை.

கடைசியில் பிளம்பர் தம்பிதான் துப்புத் துலக்கினார். பில்லில் என் பேரில் இருந்த மீட்டர் எண்களில் ஒன்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு நாலாம் மாடி டக்டுக்குள் தலையை விட்டுத் தேடினார். இல்லை. ஐந்தாம் மாடிக்கு ஏறி அங்கே தேடினார். கிடைத்தது. பக்கத்து வால்வைத் திருகினார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது, கதவுக்குப் பின்னாலிருந்து "யாருப்பா அது, தலையில சோப்பு இருக்கு!" என்று ஒரு குரல் கேட்டது. தாங்கள் பல லட்சம் செலவழித்து நிறுவிய கம்பியில்லாத் தகவல் தொடர்பில் இதுவரை பிழையில்லாமல் வந்து சேர்ந்த ஒரே தகவல் அதுதான்.

விஷயம் இவ்வளவே. மீட்டர்களை மாட்டிய அன்று எண்களைப் பட்டியலில் ஏற்றிய பையன் என் வீட்டு ஐந்து மீட்டர்களையும் மேல்வீட்டுக் கணக்கிலும், மேல்வீட்டு ஐந்தையும் என் கணக்கிலும் எழுதிவிட்டான். முப்பத்தைந்து வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவன் நான். விடை சரியாக இருந்து, பேர் மட்டும் மாறிப்போன பேப்பர் எத்தனை சண்டையைக் கிளப்பும் என்று எனக்குத் தெரியும்.

அதே ஜூன் மாதத்துக்கு மேல்வீட்டுக்காரருக்குத் தாங்கள் 'நீர்ச் சிக்கன நாயகர்' சான்றிதழ் கொடுத்துச் சால்வையும் போர்த்தியிருக்கிறீர்கள். வீட்டில் ஆறு பேர், ஒரு வாஷிங் மெஷின், ஒரு மீன் தொட்டி. மூன்று வாரமாக அவர்கள் கணக்கில் ஏறிய தண்ணீர் சைபர். மீன் எப்படிப் பிழைத்தது என்று மேடையில் இருந்த ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் மீட்டருக்கு எதிரி அல்ல. பொதுக்குழுவில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். முன்பெல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று தண்ணீர்க் காசு வாங்கினோம். தனியாக இருக்கும் கிழவியும், காரைத் தினம் குளிப்பாட்டும் குடும்பமும் ஒரே தொகை கட்டினார்கள். அது அநியாயம். 2019 கோடையை நம்மில் யாரும் மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியதைப் படமெடுத்துப் போட்டோம். நம் சாலையில் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. வீட்டில் மட்டும் என்ன, பாலாறா ஓடியது? அதனால், அளந்து கொடுத்து அளந்து வாங்குவது தப்பே இல்லை.

'சப் மீட்டர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய பயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடுகளில் மாடிப்படி அடியில் ஓனர் ஒரு சப் மீட்டர் மாட்டியிருப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி.க்காரர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போன மறுநாள், ஓனர் டார்ச்சோடு குனிவார். யூனிட்டுக்கு என்ன ரேட் என்பது அன்றைக்கு அவர் வீட்டில் காப்பி எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆளே வராமல் அலையில் கணக்குப் போகும் மீட்டர் வருகிறது என்றதும், குனிகிற ஓனரிடமிருந்து விடுதலை என்று நம்பினேன்.

இதன் நுட்பத்தையும் உட்கார்ந்து படித்தேன். குழாய்க்குள் ஒலி அலை நீரோட்டத்தோடு போனால் சற்று வேகமாகவும், எதிர்த்துப் போனால் சற்றுத் தாமதமாகவும் போய்ச் சேருமாம். அந்த நேர வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறதாம். சுழல்கிற சக்கரமே கிடையாது. ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டவிட்டுக் குடம் நிரப்பி, பழைய சக்கர மீட்டரை ஏய்க்கிற வித்தை இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஆற்றில் எதிர்நீச்சல் போட்டவனுக்கு இந்தத் தத்துவம் உடனே புரியும். மெய்யாகவே அழகான கணக்கு. அங்கிருந்து 865 மெகாஹெர்ட்ஸ் அலையில் மொட்டைமாடிப் பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து 'மேக'த்துக்குப் போய், மேகத்திலிருந்து என் போனுக்கு இறங்குகிறது. மேகத்தில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீர்க் கணக்கு இருக்கிறது.

மேகம்வரை போகிற அலை டக்டின் இரும்புக் கதவையும் கான்கிரீட்டையும் தாண்டத்தான் திணறுகிறது. அடுக்களை, துணி துவைக்கும் இடம், மூன்று பாத்ரூம் என்று வீட்டுக்கு ஐந்து குழாய் தனித்தனியாக இறங்குவதால், 180 வீட்டுக்கு 900 மீட்டர். கீழ்மாடிகளில் பாதி பேசுவதில்லை. ஆகவே மாதக் கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டக்டு டக்டாகக் குனிந்து, திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதற்குப் பெயர் தானியங்கி. ஓனர் மாறினாரே தவிர, குனிவது மாறவில்லை. அண்ணனுக்கு முழங்கால் வலி வேறு.

இனி என் முக்கியமான சந்தேகம். ஜூன் மாதம் நம் குடியிருப்புக்கு 310 லாரி வந்ததாக அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். லாரிக்கு 12,000 லிட்டர் என்றால் 37 லட்சத்து 20 ஆயிரம். 900 மீட்டரும் சேர்ந்து காட்டியது 29 லட்சத்து 40 ஆயிரம். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் கையேடு சொல்கிறதே, வீட்டுக்கு நாலு பேர் என்று வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு வருகிறது. நம் ஜனங்கள் ஊதாரிகள் இல்லை. மிச்சம் 7 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர், அதாவது 65 லாரி. அது எங்கே போயிற்று என்று பொருளாளரைக் கேட்டேன். "ஆவியாயிருக்கும் சார், வெயில் அப்படி" என்றார். மூடி போட்ட நிலத்தடி சம்ப்பிலிருந்து 65 லாரி ஆவியாகியிருந்தால் அன்றைக்கே நமக்கு மழை பெய்திருக்க வேண்டும். செடிக்கும் வராந்தா கழுவவும் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நம் தோட்டத்தில் இருப்பவை பதினாறு குரோட்டன்ஸ். அந்த 65 லாரியின் காசைத்தான் 'பொது இழப்பு' என்று பழையபடி சதுர அடிக்குப் பிரித்துப் பில்லின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள்.

நேற்று விடிகாலை கேட்டருகே நின்று பார்த்தேன். லாரி சாலை நெடுகத் தண்ணீர் தெளித்தபடி உள்ளே வருகிறது. டிரைவர் இறங்காமலே "ஃபுல் லோடு" என்கிறார். செக்யூரிட்டி நோட்டில் ஒரு கோடு போடுகிறார். நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. ஹோஸைச் சம்ப்பில் விடுகிறார்கள். ஏறி மூடியைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை. சம்ப் வாயில் ஒரு மீட்டரும் இல்லை. நான் பல் தேய்க்கும்போது வாய் கொப்பளிக்கிற தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு ஒரு பேனாக் கோடு.

ஆகவே, 900 மீட்டரில் ஒன்றைக் கழற்றிச் சம்ப் வாயில் பொருத்தும்படி கேட்க இருந்தேன். அரை அங்குலக் குழாய் மீட்டர் லாரி ஹோஸுக்கு உதவாது என்று பிளம்பர் தம்பி சொல்லிவிட்டார். மூன்று அங்குல மீட்டருக்குப் பொதுக்குழு கூட்டி, மூன்று கொட்டேஷன் வாங்கி, துணைக்குழு போட்டு முடிப்பதற்குள் அடுத்த கோடை வந்துவிடும். அதுவரைக்கும் கீழ்க்கண்ட இணைப்புகளை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்.

இணைப்பு:

1. நீர்ச் சிக்கன நாயகர் சான்றிதழ். மேல்வீட்டுக்காரர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார். பேரை மட்டும் திருத்தித் தரவும். சால்வையை அவரே வைத்துக்கொள்ளட்டும், துவைத்துவிட்டாராம்.

2. ஆறடி மூங்கில் கம்பு ஒன்று. லாரி மூடியைத் திறந்து உள்ளே நேராக விட்டு எடுத்து, எந்தக் கோடுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கவும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். தொட்டி படுத்த உருளை என்பதால் கோடுகள் நடுவில் நெருக்கமாகவும், அடியிலும் மேலேயும் விலகியும் இருக்கும். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று யாரும் திருத்த வேண்டாம். பேட்டரி தேவையில்லை.