சீட் இருக்கு, ஃபீஸ் இருக்கா?

(இந்த வாரம் அமெரிக்கக் கல்லூரிகள் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.)

கே: அமெரிக்காவில் காலேஜ்களுக்கு மாணவர் பஞ்சமாமே? (வாசகர், திண்டுக்கல்)

ப: ஆமாம். 2007-இல் அங்கே சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதுதான் உச்சம். மறு வருடம் பொருளாதாரம் சரிந்ததும் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட்டார்கள். பொருளாதாரம் பிறகு எழுந்து நடந்துவிட்டது, பிறப்பு எண்ணிக்கை எழவே இல்லை. 2007-உடன் 18-ஐக் கூட்டிப் பாருங்கள். 2025-இல் உச்சம் தொடும் பள்ளி முடிப்போர் எண்ணிக்கை, 2041-க்குள் 13 சதவீதம் இறங்கும் என்பது கணிப்பு.

கே: நம் ஊரில் சிறுபான்மை என்றால் மதம். அங்கே? (வாசகி, நாகர்கோவில்)

ப: பெரும்பாலும் இனம். கருப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடிகள், ஆசியர்கள். இவர்களைச் சேர்த்து எண்ணினால், அரசுப் பள்ளிகளில் 2014 முதல் இவர்கள்தான் பாதிக்கு மேல். பள்ளி வாசலில் பெரும்பான்மை, பணப்பெட்டியில்தான் சிறுபான்மை. 2022 கணக்குப்படி நடுத்தர வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கருப்பினக் குடும்பத்துக்கு 44,900.

கே: ஆள் குறைந்தால் ஃபீஸ் குறைய வேண்டுமே? (வாசகர், ஈரோடு)

ப: தனியார் கல்லூரிகளில் குறைகிறது, ஆனால் போர்டில் குறையாது. எல்லாம் ஆடித் தள்ளுபடி விவகாரம். போட்டிருக்கும் விலை சராசரி 43,000 டாலருக்கு மேல். முதல் வருட மாணவருக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி தருகிறார்கள். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை உள்ளே போய்ப் பேரம் பேசும். வீட்டில் யாருமே கல்லூரி பார்க்காத பிள்ளை போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 25,000 டாலர். 2008-க்குப் பிறகு மாநிலங்கள் மானியத்தை வெட்டின. வெட்டியது சட்டசபை, கட்டியது மாணவர்.

கே: ஏழைகளுக்கு அரசு உதவித்தொகை இல்லையா? (வாசகி, விருதுநகர்)

ப: இருக்கிறது. 1972-இல் தொடங்கிய திட்டம், இப்போது பெல் மானியம் என்று பெயர். எழுபதுகளின் நடுவில் அதன் உச்சத்தொகை அரசுக் கல்லூரிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கியது. இன்று உச்சத்தொகை 7,395 டாலர், மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சத்துக்குக் கடன். பட்டம் வாங்கி நான்கு வருடம் கழித்து, கருப்பினப் பட்டதாரிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நிலுவை, வாங்கிய தொகையைவிட அதிகம். வட்டி மட்டும் எந்த இனத்தையும் ஒதுக்காமல் வளர்கிறது.

கே: விண்ணப்பம் போட்டால் உதவி கிடைத்துவிடும்தானே? (வாசகர், கரூர்)

ப: முதலில் விண்ணப்பம் திறக்க வேண்டும். எளிமையாக்குகிறோம் என்று சொல்லி மத்திய அரசு புதுப் படிவம் கொண்டுவந்தது. வழக்கமாக அக்டோபரில் வருவது 2023 டிசம்பர் கடைசியில் வந்தது. அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, உதவி பெற முழு உரிமை உண்டு. ஆனால் குடியேறி வந்த அப்பா அம்மாவிடம் அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. அவர்கள் பகுதியை நிரப்ப முடியாமல் படிவம் மாதக்கணக்கில் அப்படியே நின்றது. பிள்ளையின் தகுதியில் குறை இல்லை, மென்பொருளில்தான்.

கே: இலவசக் காலேஜ் அந்த நாட்டில் இருந்ததே இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: ஏன் இல்லை? நியூயார்க் நகரின் சிட்டி காலேஜ் 1847-இல் இலவசமாகவே தொடங்கியது. நகரப் பல்கலைக்கழகமாக வளர்ந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. வேலை தேடி வந்த யூதர், இத்தாலியர் வீட்டுப் பிள்ளைகள் காசில்லாமல் படித்து மேலே வந்தார்கள். கல்லூரி இருப்பதோ ஹார்லெமில். சுற்றிலும் கருப்பின மக்கள், உள்ளே அவர்கள் பிள்ளைகள் சொற்பம். 1969-இல் கருப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். 1970-இல் நகரத்தில் பள்ளி முடித்த யாருக்கும் இடம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. வகுப்பறையின் நிறம் மாறியது. 1976-இல், நகரம் திவாலாகப் போகிறது என்ற நெருக்கடியில், கட்டணம் வந்தது. இரண்டு உலகப் போரிலும், பெருமந்தத்திலும்கூட வசூலிக்காத கட்டணம்! நகரத்தின் கஜானா காலி என்பது பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவை யார் பிள்ளைகளின் தலையில் வைத்தார்கள் என்பதையும் பாருங்கள்.

கே: இனத்தைப் பார்த்து இடம் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே? (வாசகர், சேலம்)

ப: ஜூன் 2023-இல் சொன்னது. அடுத்த வருடமே எம்.ஐ.டி.யில் சேர்ந்த கருப்பின மாணவர் பங்கு சுமார் 13 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. ஆனால் எம்.ஐ.டி.யில் படிப்பவர்கள் கைப்பிடி அளவு. மற்றவர்களில் பெரும்பாலோர் போவது உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும். அங்கே வழிமறிப்பது நீதிபதி அல்ல, கேஷியர்.

கே: மாணவர் குறைந்தால் முதலில் மூடுவது எந்தக் காலேஜ்? (வாசகி, மதுரை)

ப: கையிருப்பு இல்லாதது. ஹார்வர்டு மூடாது, கவலைப்படாதீர்கள். இல்லினாயில் லிங்கன் காலேஜ், 1865-இல் தொடங்கியது, கருப்பின மாணவர் அதிகம். கொரோனாவில் சேர்க்கை அடிவாங்கியது, 2021 டிசம்பரில் இணையக் கொள்ளையர் கணினிகளை முடக்கினார்கள், 2022 மே மாதம் மூடிவிட்டார்கள்.

கே: நல்ல செய்தியே கிடையாதா? (வாசகர், புதுச்சேரி)

ப: உண்டு. அட்லான்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். சில நூறு டாலர் பாக்கி என்பதற்காக, பட்டத்துக்கு ஓரிரு செமஸ்டரே இருக்கும் மாணவர் பெயர்கூடப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவந்தது. 2011 முதல் அந்தச் சின்னப் பாக்கியைப் பல்கலைக்கழகமே கட்டத் தொடங்கியது. கூடவே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆட்களையும் கூட்டியது. இன்று அங்கே கருப்பின மாணவர்கள் பட்டம் முடிப்பதில் வெள்ளையருக்குப் பின்தங்கவில்லை.

கே: இதெல்லாம் நமக்கு எதற்கு? (வாசகர், திருநெல்வேலி)

ப: தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூடக் கிடையாது. பொறியியல் கல்லூரிகளில் இடம் காலி கிடப்பது உங்களுக்கே தெரியும். காலி இடம் ஏழைப் பிள்ளையைத் தானாகக் கூப்பிடாது. யாராவது ஃபீஸைக் குறைத்தால்தான் கூப்பிடும். இங்கே அப்படிக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெருவில், பட்டதாரியே இல்லாத குடும்பத்திலிருந்து பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளை இருந்தால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.